ஐயா காலத்து இங்கிலீஷ் பத்திரமும் அதுல இருந்த 'ஃபார் எவர்'களும்: எங்க வளவு வீட்டு அனுபவம்

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடு, பங்காளி சொத்து, கோயில் கட்டளை (கோயில் காரியத்துக்குன்னு எழுதி வச்ச தர்மம்) இதுல ஏதாவது ஒண்ணு உங்க குடும்பத்துல இருந்து, அதுக்கு இங்கிலீஷ்ல எழுதுன பத்திரம் பெட்டியில கிடந்தா தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. ஏறக்குறைய மூணு வருஷம் நான் தனியா அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்ட விஷயம் இது. எங்க சொத்து சிக்கலானதுக்குக் காரணம் பணமோ பொறாமையோ மட்டும் இல்ல, 'எப்பவும்', 'என்றென்றைக்கும்'னு அர்த்தம் வர்ற அஞ்சாறு இங்கிலீஷ் வார்த்தைங்க. எல்லாம் ஒரே மாதிரி காதுல விழும், ஆனா சட்டத்துல ஒவ்வொண்ணுக்கும் பலம் வேற. இதை ஆரம்பத்துலயே யாராவது ஒருத்தர் உக்கார வச்சு சொல்லியிருந்தா எவ்வளவோ பணமும் ரெண்டு மழைக்காலமும் மிச்சமாயிருக்கும்னு இன்னைக்கும் நெனைக்கிறேன்.

விஷயத்துக்கு வர்றேன். எங்க ஐயாவோட, அதாவது அப்பாவைப் பெத்த தாத்தாவோட அப்பச்சி (எங்க பக்கம் அப்பாவை அப்பச்சின்னுதான் சொல்லுவோம்) பர்மாவுல கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ணப் போனவுக. சம்பாதிச்சதுல ஊர்ல வீடு கட்டி, காரைக்குடி கடைத்தெருவுல ஒரு கடை மனையும் வாங்கிப் போட்டாக. 1934ல மூணு மகன்களுக்கும் ஒரு செட்டில்மெண்ட் எழுதி வச்சுட்டாக. அப்ப தொழில் பூராவும் இங்கிலீஷ் காகிதத்துல ஓடுனதால மெட்ராஸ் வக்கீல் ஒருத்தரை வச்சு இங்கிலீஷ்லயே எழுதியிருக்காக. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட முத்திரைத்தாள், ஓரமெல்லாம் பழுப்பேறி மடிப்புல கிழிய ஆரம்பிச்சிருக்கு, யாரோ ஒருத்தர், எங்க ஐயாவாத்தான் இருக்கணும், 'ஃபார் எவர்'னு வர்ற இடத்துக்கெல்லாம் கீழ பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்காக. எங்க அப்பச்சி இருந்த வரைக்கும் அந்தப் பத்திரத்தை யாரும் பிரிச்சே பாக்கல. படைப்புக்கும் (முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடுறது) கல்யாணத்துக்கும் எல்லாப் புள்ளியும், அதாவது பங்காளிக் குடும்பம் ஒவ்வொண்ணும் வந்து வீட்டைத் திறந்து, முடிஞ்சதும் பூட்டிட்டுப் போயிருவாக, அவ்வளவுதான். அப்பச்சி போனதுக்கு அப்புறம் மேல் ஓடு இறங்க ஆரம்பிச்சது, இரண்டாங்கட்டுல தண்ணி சொட்டி உத்திரம் ஊறிப்போச்சு. அண்ணன் மலேசியாவுல, தம்பி சென்னையில, நான் ஒருத்திதான் காரைக்குடியில, அதனால எல்லாம் என் தலையில வந்துச்சு.

ஓட்டல் நடத்துற ஒருத்தர் வீட்டை வாங்கிக்கிறேன்னு வந்தாரு. பங்காளிகள்ல பெரும்பாலானவுக சரின்னுட்டாக, அட்வான்ஸும் அஞ்சு லட்சம் வாங்கியாச்சு. அவரு லோன் போட்டுத்தான் வாங்கணும், அதனால பேங்க் பேனல் வக்கீல் மூலப்பத்திரத்தோட தமிழ் மொழிபெயர்ப்பு கேட்டாரு. கோர்ட் பக்கத்துல டைப் அடிச்சு மொழிபெயர்த்துக் குடுக்கிற எடத்துல குடுத்து வாங்கினோம், ஆறாயிரம் ரூபா. அங்கதான் வினையே ஆரம்பிச்சது. பத்திரத்துல 'அப்சல்யூட்லி அண்ட் ஃபார் எவர்', 'நெவர்', 'பெர்பெச்சுவலி', 'இன்டெஃபனிட்லி', 'ப்ரொவைடட் ஆல்வேஸ்'னு வெவ்வேற இடத்துல வெவ்வேற வார்த்தை இருக்கு. மொழிபெயர்ப்புல முக்கால்வாசிக்கு 'என்றென்றும்'தான். 'ப்ரொவைடட் ஆல்வேஸ்'ங்கிறது 'ஆனால் ஒரு நிபந்தனை'னு சொல்றதுக்கான பழைய வக்கீல் வழக்கு, அதுல காலமே கிடையாது, அதைப் போய் 'எப்போதும் வழங்கப்பட்டு'ன்னு போட்டிருந்தாக. படிச்ச பேங்க் வக்கீலுக்கு இந்தக் குடும்பம் எதையுமே எந்தக் காலத்துலயும் விக்க முடியாத மாதிரி தெரிஞ்சிருக்கு. டைட்டில் சரியில்லன்னு எழுதிட்டாரு, லோன் போச்சு. வாங்க வந்தவரு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டாரு, அது ஏற்கனவே பங்காளிகளுக்குப் பிரிச்சுக் குடுத்தாச்சு, திரும்பத் திரட்டுறதுக்கு எட்டு மாசம் ஆச்சு, வட்டியோட அறுபதாயிரத்துக்கு மேல கூடக் குடுக்க வேண்டி வந்துச்சு.

இதுல முதல்ல சொல்ல வேண்டியது. பழைய இங்கிலீஷ் பத்திரத்தை மொழிபெயர்க்கக் குடுக்கும்போது காலத்தைக் குறிக்கிற வார்த்தைகளை மொழிபெயர்க்காம, தமிழ் எழுத்துல அப்படியே வச்சு, பக்கத்துல அர்த்தம் எழுதச் சொல்லுங்க. 'ஃபார் எவர், அதாவது வாரிசு பாரம்பரியமாய்' அப்படின்னு. ரெண்டு வெவ்வேற வார்த்தைக்கு ஒரே தமிழ் வார்த்தை வந்திருந்தா அந்தப் பக்கத்தைத் திருப்பிக் குடுங்க. நாலாயிரம் அஞ்சாயிரம் கூட ஆனாலும் சொத்துப் பத்திரம் படிச்சுப் பழகுன ஒரு வக்கீல்கிட்டயே மொழிபெயர்ப்பு வாங்குங்க. அதோட, உங்க கையில இருக்கிறது பழைய கையெழுத்துப் பிரதின்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல சர்டிஃபைடு காப்பி போட்டு வாங்கி ரெண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்க. ஆன்லைன்ல வில்லங்கம் ரொம்பப் பழைய வருஷங்களுக்குக் கிடைக்கிறது கஷ்டம், அதுக்கு ஆபீஸ்ல மனு போட்டு பழைய புத்தகத்தைத் தேடச் சொல்லணும், அது நாள் எடுக்கும், முன்கூட்டியே போட்டு வச்சுருங்க.

பேங்க் போனது ஒரு கஷ்டம்னா அடுத்தது அதைவிட வலிச்சது. அந்த மொழிபெயர்ப்பை வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் அனுப்பியிருந்தோம். அதுல ஒரு வரி, வீடு 'என்றென்றும் ஆண் சந்ததிகளால் வைத்துக்கொள்ளப்பட வேண்டும், ஒருபோதும் விற்கக்கூடாது'ன்னு. நடு வீட்டுப் பங்காளி ஒருத்தர் பட்டாலையில எல்லாரும் உக்காந்திருக்கும்போது அதைச் சத்தமா வாசிச்சுட்டு, 'ஆச்சி, நீங்க இதுல பேசுறதுக்கே இல்ல, பெரியவுக எழுதி வச்சுட்டாக'ன்னாரு. அப்பச்சியைக் கடைசி காலத்துல பாத்தது நானு. ஓடு மாத்த ஆளு கூட்டிட்டு வந்தது, வரி கட்டுனது, பாம்பு வந்துச்சுன்னா ராத்திரி போய் நின்னது எல்லாம் நானு. என் தம்பி அங்கயே உக்காந்திருந்தான், ஒரு வார்த்தை பேசல. அன்னைக்கு எனக்கு வந்த கோவம் அந்தப் பங்காளி மேல கூட இல்ல, எப்பவோ செத்துப்போன ஒருத்தர் எழுதுன ஒரு வரியை வச்சு என்னை வெளிய நிறுத்த முடியுதேங்கிறது மேலதான். வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் தூக்கம் இல்ல.

அதுக்கப்புறம்தான் தேவகோட்டையில வயசான சிவில் வக்கீல் ஒருத்தர்கிட்ட போனேன். அவரு மொழிபெயர்ப்பைத் தொடவே இல்ல, இங்கிலீஷ் பத்திரத்தை மட்டும் வாங்கி ஒரு மத்தியானம் பூரா வாசிச்சாரு. அப்புறம் சொன்னாரு, 'ஆச்சி, ஃபார் எவர்னு பாத்த உடனே எவ்வளவு காலம்னு கேக்காதீங்க. யாருக்கு, எதை, எதுக்காகன்னு கேளுங்க. அப்புறம்தான் காலம்.' அவரு சொன்னதை என் பாஷையில எழுதுறேன், உங்க பத்திரத்துக்கு உங்க வக்கீலைக் கேட்டுக்கோங்க.

'அப்சல்யூட்லி அண்ட் ஃபார் எவர்'ங்கிறது பழைய இங்கிலாந்துப் பத்திர வழக்கு. அதுல 'அப்சல்யூட்லி'ங்கிறது காலமே இல்ல, முழு உரிமையோடங்கிறது. 'ஃபார் எவர்'ங்கிறது வாங்குனவரு ஆயுளோட முடியாம வாரிசுக்கும் போகும்னு காட்டுறது. நம்ம தமிழ்ப் பத்திரத்துல 'சர்வ சுதந்திர பாத்தியமாய் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது'ன்னு வருமே, அதேதான். அது குடுக்கிறவரு பேச்சு, வாங்குறவரைக் கட்டிப்போடுற பேச்சு இல்ல. பாதிப் பேரு இதை விக்கவே கூடாதுன்னு படிக்கிறாக, அர்த்தம் நேர் எதிர், நீ என்ன வேணா பண்ணிக்கோங்கிறது. இன்னொன்னும் சொன்னாரு, 1882ல வந்த சொத்து மாற்றுச் சட்டத்துல 8ஆவது பிரிவுப்படி, வேற மாதிரி சொல்லலேன்னா குடுக்கிறவருக்கு இருக்கிற உரிமை முழுக்க வாங்குறவருக்குப் போயிரும். அதனால அந்த வார்த்தை இல்லாட்டியும் பெருசா ஒண்ணும் கெட்டுப்போகாது.

அடுத்து 'நெவர்'. வீட்டை விக்கவே கூடாதுங்கிறது. அதே சட்டத்துல 10ஆவது பிரிவு. ஒருத்தருக்கு முழு உரிமையாக் குடுத்துட்டு, அதை எப்பவுமே யாருக்கும் குடுக்கக்கூடாதுன்னு அடியோட தடை போட்டா அந்த நிபந்தனை செல்லாது, குடுத்தது மட்டும் செல்லும். முதல் பத்தியில 'அப்சல்யூட்லி'ன்னு குடுத்துட்டு மூணாவது பத்தியில 'நெவர்'னு எழுதுனா அந்த 'நெவர்' நிக்காது. இதுல ஒரு ஜாக்கிரதை வேணும். அடியோட தடைதான் செல்லாது, 'முதல்ல பங்காளிகளுக்கு விலை சொல்லிட்டு அப்புறம் வெளிய விக்கணும்'ங்கிற மாதிரி பாதித் தடை வேற கதை, அதெல்லாம் நிக்கலாம். குத்தகைக்கும் இந்தப் பிரிவுல விலக்கு இருக்கு.

ஆண் சந்ததிக்கே என்றென்றைக்கும்ங்கிற வரிக்கு அவரு ஒரு பழைய தீர்ப்பைச் சொன்னாரு. கல்கத்தா தாகூர் குடும்பத்து உயில் கேஸ், 1872ல லண்டன்ல பிரிவி கவுன்சில் (அப்ப நம்ம நாட்டு கேஸுக்கெல்லாம் கடைசி அப்பீல் கோர்ட்டு) முடிச்சது. இந்துச் சட்டத்துல இல்லாத புது வாரிசு முறையை, தலைமுறை தலைமுறையா ஆம்பளைக்கு மட்டும்னு ஒருத்தர் தானா உண்டாக்க முடியாதுன்னு சொல்லியிருக்காக. அதுக்கு மேல சொத்து மாற்றுச் சட்டத்து 14ஆவது பிரிவு. உயிரோட இருக்கிறவுக ஆயுள், அதுக்கப்புறம் ஒரு மைனர் மேஜராகுற வரைக்கும், அதைத் தாண்டி சொத்தை யாருக்கும் போகாமத் தள்ளி வைக்க முடியாது. பிறக்காத பேரன், அவன் பேரன்னு வரிசையா கட்டி வைக்க சட்டம் விடாது. அந்த வரி நிக்கலேன்னா மூணு மகன்களும் முழு உரிமையா எடுத்துக்கிட்டாக, ஐயா பங்கு அப்பச்சிக்கு வந்துச்சு, அப்பச்சி போனதும் 1956 இந்து வாரிசுச் சட்டப்படி மகனும் மகளும் ஒரே வகுப்பு வாரிசு. 'உங்க பங்கு உங்களுக்கு உண்டு ஆச்சி, அண்ணன் தம்பிக்கு எவ்வளவோ அவ்வளவு'ன்னு அவரு சொன்னப்ப அந்த ஆபீஸ் பெஞ்சுலயே அழுதுட்டேன். பங்குக்காக இல்ல. அந்த வீட்ல எனக்குப் பேச எடம் இருக்குன்னு ஒருத்தர் காகிதத்தைக் காட்டிச் சொன்னதுக்கு.

ஒரு விஷயம் இடையில சொல்லிடுறேன், எங்க ஊரு அப்ப ராமநாதபுரம் ஜில்லா, பிரிட்டிஷ் இந்தியா சட்டம். ஆனா நம்ம செட்டிநாட்டு ஊர்கள்ல கொஞ்சம் புதுக்கோட்டை சமஸ்தானத்துல இருந்துச்சு, 1948 வரைக்கும் அது தனி. அந்தப் பக்கத்துப் பழைய பத்திரம்னா அப்ப அங்க என்ன சட்டம் இருந்துச்சுன்னு தனியா கேட்டுக்கணும், பதிவு ஆவணம் எங்க இருக்குங்கிறதுலயும் அலைச்சல் இருக்கும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். இவ்வளவு பெரிய சண்டை போட்டது வீட்டைப் பத்தி, ஆனா அந்தப் பத்திரத்துல நெசமாவே யாரும் அசைக்க முடியாத வரி வீட்டைப் பத்துனது இல்ல. கடைசிப் பக்கத்துல ரெண்டே வரி. கடைத்தெரு மனையோட வருமானம் பூராவும் ஊர் சிவன் கோயில்ல ஒரு விளக்கு 'பெர்பெச்சுவலி' எரியறதுக்குன்னு. மொழிபெயர்ப்புல அதுவும் 'என்றென்றும்'னே இருந்ததால யாரும் கவனிக்கல, வீட்டோட சேத்து கடையையும் வித்துடலாம்னு பேசிட்டு இருந்தாக. வக்கீல் அந்த வரியில விரலை வச்சு நிறுத்துனாரு. 14ஆவது பிரிவுல சொன்ன தடை தர்ம காரியத்துக்குப் பொருந்தாது, மதம், கல்வி, ஆரோக்கியம் மாதிரி பொது நன்மைக்கு எழுதுறதுக்கு 18ஆவது பிரிவுல விலக்கு இருக்கு. அதாவது பேரனுக்குன்னு எழுதுன 'ஃபார் எவர்' நிக்கல, விளக்குக்குன்னு எழுதுன 'பெர்பெச்சுவலி' நிக்குது. அதுக்கு மேல அது கோயில் கட்டளை. 1959 அறநிலையத்துறைச் சட்டத்துல 34ஆவது பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாம விக்கவோ அஞ்சு வருஷத்துக்கு மேல குத்தகைக்கு விடவோ முடியாது, விட்டா செல்லாது. நாங்க அந்த கடையையும் சேத்து கிரயம் பண்ணியிருந்தா வாங்குனவரும் மாட்டியிருப்பாரு, கையெழுத்துப் போட்ட எல்லாரும் மாட்டியிருப்போம்.

உங்க பத்திரத்துல இந்த மாதிரி தர்ம வரி இருந்தா ஒரு கேள்வியை மட்டும் கண்டிப்பா கேளுங்க. சொத்தையே தர்மத்துக்கு எழுதுனதா, இல்ல சொத்து குடும்பத்துக்கு, அதுல வர்ற வருமானத்துல ஒரு பகுதி மட்டும் தர்மத்துக்கா. ரெண்டாவது மாதிரின்னா சொத்தை விக்கலாம், ஆனா அந்தப் பொறுப்பு சொத்தோடயே போகும், வாங்குறவருக்குத் தெரிய வைக்கணும். இது புரியாம ரெண்டு பக்கமும் தப்பாப் போறவுக நம்ம பக்கம் நெறைய.

விளக்கு விஷயத்துல இன்னொரு வாக்குவாதமும் வந்துச்சு. 'பெர்பெச்சுவலி'ன்னா ராத்திரி பகல் அணையாம எரியணுமா, இல்ல தினமும் சாயங்காலம் ஏத்துனா போதுமா. இங்கிலீஷ்ல 'கன்டினுவஸ்லி'ன்னா இடைவெளியே இல்லாம, 'கன்டினுவலி'ன்னா விட்டு விட்டு ஆனா நிக்காம திரும்பத் திரும்ப நடக்கிறது, 'பெர்பெச்சுவலி' ரெண்டுக்கும் வரலாம்னு வக்கீல் சொன்னாரு. கோயில் குருக்கள்கிட்ட கேட்டோம், அவரு அப்பா காலத்துல இருந்தே சாயரட்சைக்குத்தான் ஏத்துறாகன்னாரு, அதையே வழக்கமா எடுத்துக்கிட்டோம். அப்ப எனக்கு நம்ம சோழர் காலத்துக் கல்வெட்டு ஞாபகம் வந்துச்சு. நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு தானம் எழுதும்போது 'சந்திராதித்தவற்'னு, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ள வரைக்கும்னு எழுதுவாக. ஆனா அதோட விட்டுற மாட்டாக. 'சாவா மூவாப் பேராடு' தொண்ணூறு, சில எடத்துல தொண்ணூத்தாறு, இன்னாரு கையில விட்டிருக்கு, தினமும் உழக்கு நெய் அளக்கணும்னு எழுதியிருக்கும். ஆடு சாகும், ஆனா குட்டி போட்டு எண்ணிக்கை குறையாம வச்சுக்கணும், அதான் சாவா மூவா. என்றென்றைக்கும்னு ஒரு வார்த்தை போட்டா மட்டும் விளக்கு எரியாது, எண்ணெய் எங்கிருந்து வரும், யாரு ஊத்துவா, அவரு இல்லேன்னா அடுத்து யாருன்னு எழுதணும்னு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்காக. எங்க 1934 பத்திரத்துல அந்த 'யாரு' இல்ல. அதனாலதான் பல வருஷமா கடை வாடகை எங்க போச்சுன்னே கணக்கு கிடையாது, எண்ணெய்க் காசை குருக்களே பல மாசம் கைக்காசு போட்டிருக்காரு. அதைக் கேட்டப்ப ரொம்ப வெக்கமா இருந்துச்சு, குடும்பமே சேந்து அவருக்குத் திருப்பிக் குடுத்தோம்.

அந்தக் கடையில இருக்கிறவுக ஒரு பழைய வாடகைச் சீட்டு காட்டுனாக, அதுல 'இன்டெஃபனிட்லி' இருக்கலாம்னு எழுதியிருக்கு. அவுக அதை நிரந்தரக் குத்தகைன்னே நம்பிட்டு இருந்தாக. 'இன்டெஃபனிட்லி'ன்னா முடிவே இல்லாமன்னு அர்த்தம் இல்ல, முடியிற தேதியைச் சொல்லலங்கிறதுதான். தேதி சொல்லாத கடை வாடகையை பொதுவா மாசத்துக்கு மாசம் ஓடுற வாடகையா எடுத்துக்கிட்டு, சொத்து மாற்றுச் சட்டம் 106ஆவது பிரிவுல 15 நாள் நோட்டீஸ்ல முடிக்கலாம். விவசாயத்துக்கோ உற்பத்திக்கோ விட்டதுன்னா வருஷக் கணக்கு, ஆறு மாச நோட்டீஸ். ஆனா 'இன் பெர்பெச்சுவிட்டி'ன்னு பதிவு பண்ணுன குத்தகைன்னா அது நெசமாவே நிரந்தரம், சட்டமே அதை ஒத்துக்குது. தமிழ்நாட்டுல 2019ல இருந்து வாடகைக்குத் தனிச் சட்டமும் வந்துருச்சு, எழுத்துல ஒப்பந்தம் போட்டுப் பதியணும், அதையும் பாத்துக்கோங்க. கடைக்காரவுககிட்ட சண்டை போடாம உக்காந்து பேசுனோம், அவுகளும் நல்ல மனுசங்க, வாடகையை ஏத்திப் புதுசா எழுதிக்கிட்டாக.

பவர் பத்திரத்தைப் பத்தியும் சொல்லணும், நம்ம பக்கம் பாதிப் பேரு மலேசியா சிங்கப்பூர்ல இருக்கிறதால. மூணாவது வீட்டுப் பெரியவர் ஒருத்தர் 1998ல ஈப்போவுல இருந்து ஊர்ல ஒருத்தருக்கு பவர் குடுத்திருந்தாக, அதுல 'இர்ரெவொக்கபிளி'ன்னு, ரத்து பண்ணவே முடியாதுன்னு எழுதியிருக்கு. அந்தப் பெரியவர் போயி பல வருஷம் ஆச்சு. பவர் வச்சிருந்தவரு இன்னும் நான்தான் கையெழுத்துப் போடணும்னு நின்னாரு. பவர் குடுத்தவரு இறந்தா பவரும் முடிஞ்சது, 1872 ஒப்பந்தச் சட்டம் 201ஆவது பிரிவு. பவர் வாங்குனவருக்கு அந்தச் சொத்துலயே சொந்தமா ஒரு பாத்தியம் இருந்தாத்தான் 202ஆவது பிரிவுப்படி வேற மாதிரி. அந்த வார்த்தையை எவ்வளவு பெரிய எழுத்துல எழுதுனாலும் பாத்தியம் வந்துறாது. அவரோட பிள்ளைகள்கிட்ட புதுசா வாங்கினோம். வெளிநாட்டுல எழுதுற பவரை அங்க இந்தியத் தூதரகத்துல அட்டெஸ்ட் பண்ணி, இங்க வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வை கட்டிறணும். எங்க அண்ணன் பவர் வந்தப்ப நான் ஆஸ்பத்திரியில இருந்தேன், தம்பி மனைவிதான் ஓடிப்போய் கடைசி வாரத்துல கட்டுனா.

இதுக்கு நடுவுல அண்ணன் மக வீட்டைப் போட்டோ எடுத்து வச்சிருந்ததை ஒரு கம்பெனி கேட்டாக, ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரை, முகப்புத் தூண் எல்லாம் அழகா எடுத்திருந்தா. அவுக அனுப்புன காகிதத்துல 'பெர்பெச்சுவலி, இர்ரெவொக்கபிளி'ன்னு இருந்துச்சு. அதுக்குள்ள எனக்குப் பழகிப்போனதால நிறுத்தி வக்கீல்கிட்ட காட்டச் சொன்னேன். காப்பிரைட்ல இந்த வார்த்தைக்கு நல்ல பலம் இருக்கு. 1957 பதிப்புரிமைச் சட்டம் 19ஆவது பிரிவுல, எழுதிக் குடுக்கிற காகிதத்துல காலம் சொல்லலேன்னா அஞ்சு வருஷம்தான்னு இருக்கு, எந்த நாடுன்னு சொல்லலேன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். அதாவது ஒண்ணும் எழுதாம இருந்தா அஞ்சு வருஷத்துல நமக்குத் திரும்பி வர்றதை அந்த ஒரு வார்த்தை போட்டு பதிப்புரிமைக் காலம் முழுக்க வாங்கிக்கிறாக. அண்ணன் மக மூணு வருஷம்னு மாத்தி எழுதிக் கேட்டா, அவுகளும் ஒத்துக்கிட்டாக. கேட்டா மாத்துவாகங்கிறது நெறைய புள்ளைகளுக்குத் தெரியல.

செலவுக் கணக்கு கேப்பீங்க. அட்வான்ஸ் வட்டி, மொழிபெயர்ப்பு, ரெண்டு வக்கீல், சர்டிஃபைடு காப்பி, வாரிசு சான்று, போக்குவரத்து எல்லாம் சேந்து ரெண்டு லட்சத்துக்கு மேல. ஆனா பெரிய நஷ்டம் வீட்டுக்குத்தான். பிரச்சனை ஓடுன காலத்துல யாரு கைக்காசு போடுறதுன்னு ரெண்டு மழைக்காலம் ஓட்டை மாத்தாமயே விட்டாச்சு, இரண்டாங்கட்டுல பர்மாத் தேக்கு உத்திரம் ரெண்டு உளுத்து இறங்கிருச்சு, சுண்ணாம்புச் சுவரு ஒரு பக்கம் வீங்கி உதிர்ந்துச்சு, அதைச் சரி பண்ண மூணு லட்சத்தைத் தாண்டிருச்சு. அந்த உத்திரத்துக்கு ஈடா இன்னைக்கு எந்த மரமும் கிடைக்கல. சண்டை போடுறதா இருந்தாலும் ஓட்டுக்கு மட்டும் எல்லாப் புள்ளியும் காசு போட்டுருங்க, பங்கு பிரிக்கும்போது கழிச்சுக்கலாம்னு ஒரு சின்னக் காகிதம் எழுதிக்கோங்க. இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

வாங்க வந்தவரு அதுக்குள்ள வேற ஊர்ல வீடு வாங்கிட்டாரு. நாங்க பாகப்பிரிவினை எழுதிப் பதிஞ்சோம். குடும்பத்துக்குள்ள பாகம்னா முத்திரைத்தீர்வை ஒரு சதவீதம், பங்குக்கு 40,000 ரூபா உச்சவரம்பு, பதிவுக் கட்டணத்துக்கு 10,000, 2023 ஜூலையில ஏத்துனது. ஆனா 'குடும்பம்'னா யாரு யாருன்னு அதுல தனியா ஒரு கணக்கு இருக்கு, ஒண்ணுவிட்ட பங்காளி எல்லாம் சேருவாகளான்னு பதிவுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க, அதுல செலவு நெறைய மாறும். பத்திரத்தைத் தமிழ்லயே எழுதச் சொன்னேன். எழுத்தர் வழக்கப்படி 'என்றென்றும்'னு போட வந்த எல்லா இடத்துலயும் நிறுத்தி, எதுக்கு, யாருக்கு, எந்தத் தேதி வரைக்கும்னு கேட்டு எழுத வச்சேன். அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், ஆனா எழுதிக் குடுத்தாரு. கடை மனையை பாகத்துல சேக்கல. விளக்குக் கட்டளைக்குத் தனியா ஒரு உடன்படிக்கை, மூணு வீட்டுக்கும் வருஷ முறை, சித்திரை ஒண்ணாந்தேதி முறை மாறும், முறைகாரர் பங்குனிக் கடைசியில வாடகைக் கணக்கையும் எண்ணெய்க் கணக்கையும் எல்லாருக்கும் அனுப்பணும், முறைகாரர் வெளிநாட்டுல இருந்தா ஊர்ல யாரு பொறுப்புங்கிறதையும் பேரோட எழுதியாச்சு. இந்த வருஷ முறை எங்க வீட்டோடது. என் தம்பி தானா முன்வந்து என் பேரை எழுதச் சொன்னான், அந்த நடு வீட்டுப் பங்காளியும் அதுல சாட்சிக் கையெழுத்துப் போட்டாரு.